தலை நிமிராமல் சொன்ன பதில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் கண்கட்டைப் பிரித்தாயிற்று, எதிர்வீட்டுக் கதவு எண் வரைக்கும் வாசிக்கிறார், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இதற்குமேல் நல்ல வார்த்தை எழுத மனசு வரவில்லை. நீ விமானம் ஏறி ஒன்பது நாளாகிறது, ஒன்பது நாளும் ஆத்திரத்தை அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் வந்துடுச்சும்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகு, காத்திருக்கும் அறையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாய். உன் கீழே வேலை பார்க்கும் ஒருவரை, மீட்டிங்கில் மற்ற எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருக்க, வாங்கு வாங்கென்று வாங்கினாய். உங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னு இன்னைக்கு வந்து சொன்னா எப்படி, முன்னாடியே சொல்லத் தெரியாதா என்றாய். அவர் சரிங்க என்று ஒரே சொல்லோடு அடங்கிப்போனார். இதைச் சொல்லும்போது நீ எங்கே, எதற்காக உட்கார்ந்திருந்தாய் என்று உனக்கு உறைக்கவே இல்லையா? அப்புறம் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஐயோ, ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கார், நான்தான் பாக்கலை என்று முணுமுணுத்தாய். இப்பவே கூப்பிட்டு மன்னிப்புக் கேளு என்றேன். மன்னிப்பெல்லாம் கேட்டா அப்புறம் மதிக்க மாட்டாங்கம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது, உன் வேலை வேற என்றாய். அப்பா வெளியே வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கா புரியாது? ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு பேரை வைத்துப் பதினோரு வருஷமாக வேலை வாங்குகிறேன். உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். பொறுப்புக்கு வந்த முதல் வருஷம் நானும் உன்னை மாதிரிதான் தலைகால் தெரியாமல் ஓடினேன், ஓடுவதுதான் பெரிய வேலை என்று நினைத்தேன். விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை மெஷினில், கை உள்ளே போனால் நிறுத்துவதற்கு ஒரு தடுப்புக் கம்பி உண்டு. ஒருநாள் அது நிறுத்தவில்லை. ஒல்லியாக இருப்பதால் எல்லோரும் ஈர்க்குச்சி என்று கூப்பிடுகிறோமே, அவள் கை உள்ளே போய்விட்டது. இன்றைக்கும் அவளுக்கு மூன்று விரல் மடங்காது. கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவள் என்ன சொன்னாள் தெரியுமா? கம்பி சரியில்லைன்னு மூணு நாளைக்கு முன்னாடியே சொல்ல வந்தேங்க்கா, நீங்க எழுதிக்கிட்டே எதுவானாலும் அப்புறம்னு சொன்னீங்க, தலையே நிமிரலை என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் எல்லோரையும் நிற்க வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். மதிப்பு ஒன்றும் போகவில்லையடி. அன்று மத்தியானமே இன்னொருத்தி வந்து, உலர்த்துற மெஷின் கதவு சரியா பூட்டலைக்கா, இத்தனை நாளா சொல்லப் பயமா இருந்துச்சு என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை வாங்கவே தெரிந்தது. இன்றைக்கும் மெஷினைப் போடுவதற்கு முன்னால் துணி மடிக்கும் மேஜையைச் சுற்றிப் பத்து நிமிஷம் நிற்போம். எது மக்கர் பண்ணுது, யாருக்கு என்ன தொந்தரவு என்று மட்டும் கேட்பேன், என் கையில் பேனா இருக்காது. கெட்ட செய்தி கொண்டுவருகிறவளிடம் முதலில் நல்லவேளை சொன்னே என்பேன், விசாரணையெல்லாம் அப்புறம். திட்ட வேண்டியிருந்தால் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுத் தனியாகத் திட்டுவேன், திட்டாமல் விடுகிறவளும் இல்லை நான். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எப்போது லீவு என்பதை அவர்களே பேசி எழுதிக் கொடுக்கிறார்கள், என் தலையிலிருந்து பாதிப் பாரம் அதிலேயே இறங்கிவிட்டது. நீ எல்லாவற்றையும் உன் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரமில்லை நேரமில்லை என்கிறாய். ஒன்பது பேர் எழுதுவதைப் படிக்க நேரமில்லாதவளுக்கு எதற்கு அந்த நாற்காலி?

அவர் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்றாவது கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அவரைக் கூப்பிடு. அந்த எட்டுப் பேர் முன்னால்தானே திட்டினாய், அதே எட்டுப் பேர் முன்னால் உன் தப்பை ஒத்துக்கொள். அதுவரை என்னைக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். அப்பாவும் எடுக்க மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன்னை நம்பி வேலை பார்க்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும். குளிர் காலம் வருகிறது, நெஞ்சுச் சளிக்கு வாங்கிய மருந்து உன் பெட்டியின் இடது ஓரத்தில் இருக்கிறது, தேதி பார்த்துச் சாப்பிடு.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா