மிதித்தால் அணைந்த விளக்கு

நம் மகளின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். அங்கே வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று நீங்கள் எழுதுவதில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என் அண்ணன் இப்போது ஊன்றுகோல் இல்லாமலே மாடிப்படி ஏறுகிறார்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரை விற்கப் போனேன். வாசலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம்தான் கண்ணில் நிற்கிறது. அண்ணன் வீடு மாறுகிறார் என்று நீங்கள் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி இழுத்துப் போனதும், இருட்டியபின் வழியில் நீங்கள் பிரேக் போட, பின்னால் பைக்கில் வந்த அண்ணனே அதில் மோதி விழுந்ததும். வாங்க வந்தவர், பின்விளக்கு சரியாக எரிந்தால்தான் எடுப்பேன் என்றார். அதனால் காரோடு சேர்த்து வண்டி வயரிங் பார்க்கும் அக்காவிடம் கொண்டுபோனேன்.

என்னை உங்கள் சீட்டில் உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். "எரியுது, ஆனா தூங்கி வழியுதே" என்றார். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மிதிக்கச் சொன்னார். "மிதிங்கம்மா, கால்ல பலம் இல்லையா?" என்று சத்தம் போட்டார். இரண்டு காலாலும் மிதித்தேன். கடைசியில் அவரே ஏறி மிதித்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். மங்கலாக இருந்த சிவப்பு, மிதித்ததும் அணைந்தது. காலை எடுத்ததும் திரும்ப வந்தது.

டிரெய்லரின் எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்து விட்டுப்போயிருந்ததாம். "கரண்டு திரும்பிப் போக வழியில்ல. ஹெட்லைட் போடாதப்ப வேற பல்பு வழியா சுத்திப் போயிடும். போட்டுட்டா அந்த வழியும் அடைச்சுக்கும். பகல்ல செக் பண்ணவங்களுக்கு இது தெரியவே தெரியாது" என்றார். ஒரு வயரால் டிரெய்லர் இரும்பையும் கார் பாடியையும் இணைத்துக் காட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பகலில் செக் பண்ணியவர் நீங்கள்தானே. ஆஸ்பத்திரி வராந்தாவில், "கிளம்பறதுக்கு முன்னாடி பாத்தேன், எரிஞ்சுது" என்று எத்தனை தடவை சொன்னீர்கள். அண்ணனோ, "லைட்டே வரல" என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "உன் வாயில உண்மையே வராதா?" என்றேன், மகள் கேட்கக் கேட்க. உங்களை 'நீ' என்று சொன்னது அன்றுதான். நீங்கள் பெட்டி கட்டியபோதும், போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னாரேம்மா" என்றார்.

போன் செய்யலாம்தான். செய்தால், "சரி விடு, போனது போகட்டும்" என்பீர்கள். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். என்னை அத்தனை லேசில் விட்டுவிடாதீர்கள். லீவு கேட்டு நேரில் வாருங்கள். மகளும் கேட்கும்படி, ஆசை தீர என்னைத் திட்டுங்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னமும்
உங்கள் மனைவி