களையெடுப்பு வந்தால் வரும் வலி

மஸ்கட்
10.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் அலமேலு வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? தேவனூரில் சாமைக்குக் களையெடுப்பு தொடங்கியிருக்கும்.

பயப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் என் நர்ஸ் டியூட்டியின்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து வயிற்றைத் தைக்கும் முன், டாக்டர் உள்ளே வடிகஞ்சி போல ஒரு ஜெல்லை ஊற்றினார். அறுத்த இடம் ஆறும்போது குடல் ஒட்டிக்கொள்ளாமல் அது தடுக்குமாம். சில நாளில் தானே கரைந்துவிடுமாம்.

"ஒட்டிக்கொண்டால்?" என்று கேட்டேன்.

"குனியும்போதெல்லாம் உள்ளே இழுத்து வலிக்கும், வருஷக்கணக்கில்கூட" என்றார்.

அம்மாவுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிப் பதினெட்டு வருஷம். வலியும் அன்றிலிருந்துதான். "களையெடுப்பு வந்தா மட்டும் உனக்கு வவுறு வலிக்குமா?" என்று சாமைக்காட்டில் களையெடுத்த எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆமாம் அப்பா, அப்போதுதான் வலிக்கும். நாள் முழுக்கக் குனிகிற வேலை அதுதானே.

அந்த ஜெல் இனி அம்மாவுக்கு உதவாது. களைக்கு அனுப்பாமல் சேலத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் மிளகு ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்காக வைக்கிற ரசம் வாயில் வைக்க விளங்கவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வழக்கம்போல "நல்லா இருக்காளாம்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். அன்று கேட்டீர்களே, அதே காட்டில், அதே ஆட்கள் முன்னால் நின்று, உரக்கப் படியுங்கள்.

மகள்
அலமேலு