உப்பு டப்பாவைத் தேடாதீங்க

என்னங்க,

எனக்கு ஏழு மணி ஷிப்ட். உங்களை எழுப்ப மனசு வரல, எழுதி வைக்கிறேன்.

நீல மூடி டப்பா உங்களுக்கு. காயெல்லாம் வேகவச்சது, எண்ணெய் ஒரே ஸ்பூன். இன்னிக்கு சப்புன்னுதான் இருக்கும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோங்க.

பிரஷர் இறங்கவே இல்லன்னு டாக்டர் சொன்னதுக்கு, "வெளியில திருட்டுத்தனமா தின்னுட்டு வர்றீங்க"ன்னு நேத்து எல்லார் எதிர்லயும் கத்திட்டேன். நீங்க தட்டைத் தள்ளி வச்சுட்டுப் போயிட்டீங்க.

காலையில டப்பா கட்டும்போது திரும்பிப் பார்த்தா, உங்க தங்கச்சி உங்க டப்பாவுல உப்பு போட்டுக்கிட்டிருக்கா. "பாவம் அண்ணி, அண்ணனுக்கு எப்படித் தொண்டையில இறங்கும்? தினம் ஒரு சிட்டிகைதான்"னா. சத்தம் கேட்டு வந்த நம்ம பொண்ணு, "நானும்தாம்மா போடுறேன்"னு அழுதா.

ரெண்டு பேரையும் திட்ட எனக்கு வாய் வரல. மூணு மாசமா நானும் ஒரு சிட்டிகை போட்டுக்கிட்டுதான் இருக்கேன். "உப்பில்லாமலே ருசியா சமைக்கிறியே"ன்னு நீங்க மெச்சினப்போ, வெட்கமில்லாம சிரிச்சேன்.

இந்த வீட்டுல பொய் சொல்லாத ஒரே ஆளைப் பார்த்துக் கத்தியிருக்கேன்.

டப்பாவைக் கொட்டிட்டுப் புதுசா செஞ்சு வச்சிருக்கேன். கோபத்துல சாப்பிடாம இருந்துடாதீங்க. மாத்திரை ஜன்னல் ஓரம்.

பி.கு: உப்பு டப்பா என் ஆபீஸ் பையில இருக்கு. சாயங்காலம் நான் சமைக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க. என் கையை எனக்கே நம்ப முடியல.