சரைக்குள் இருக்கும் என் துண்டு

அக்கா,

இன்று அசர் தொழுதுவிட்டு அலுமாரிச் சாவியைத் தேடிக் கைப்பைக்குள் துழாவியபோது, அந்தச் சரை விரலில் பட்டது. பத்திரிகைத் தாளை நாலாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி நீங்கள் செய்து தந்த அதே சரை. உள்ளே கட்டைவிரல் நகமளவுக்கு ஓர் அட்டைத் துண்டு இருக்கிறது. மழை பெய்து மாதக்கணக்காகிறது, கச்சான் காற்று முற்றத்து வாளியில் கிடந்த தண்ணீரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் தாள் ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். உங்கள் தைல மணம். முழங்காலுக்குப் பூசிவிட்டு அந்தக் கையோடேயே துண்டு பொறுக்குவீர்களே, அந்த மணம். அது எனக்குத் தலையிடி தரும் என்று எத்தனை தரம் உங்களோடு சண்டை பிடித்திருப்பேன். என் பையில் நான் தைலம் வைப்பேனா?

மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்கள் திரும்பி வருவதில்லை. எங்கள் மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது, நானும் அப்படித்தான் நம்புகிறேன், இப்போதும். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் கேட்டாலும் விசர் என்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

கந்தோரில் பக்கத்து மேசைகளில் இருந்த காலத்தில் நமக்குள் "சாப்பிட்டாச்சா"வுக்கு மேல் பேச்சில்லை. நீங்கள் ஒரு கடுகடுப்பு, நான் ஒரு வாயாடி. இரண்டு பேரும் பென்ஷனில் வந்த பிறகுதான் ஒருநாள் கல்லடியில், வாவிக்கரையில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பார்சலை உடைத்து வைத்திருந்தீர்கள். சவர்க்காரத்துக்கும் சொக்லேட்டுக்கும் நடுவே கண்ணாடிப் பைகளில் அட்டைத் துண்டுகள். நான் ஏதோ கோழித்தீன் என்று நினைத்தேன். மகள்தான் போனில் விளக்கினாள்: அம்மா தனியாக இருக்கிறாள், பொழுது போகட்டும் என்று பழைய சாமான் கடையில் வாங்கிய ஜிக்சோ பசில்கள். பார்சலில் இடம் பிடிக்கும் என்று பெட்டிகளை எறிந்துவிட்டாளாம். பெட்டி மூடியில் இருந்த படமும் அவற்றோடு குப்பைக்குப் போய்விட்டது.

"படம் இல்லாம எப்படி அக்கா பொருத்துற?"

"படம் தெரிஞ்சா மறுகா என்னத்துக்குகா பொருத்துவான்?"

அன்று உட்கார்ந்ததுதான். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் காத்தான்குடியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். அரிசி புடைக்கும் சுளகில் துண்டுகளைக் கொட்டி, கரைத் துண்டுகளை ஒரு பக்கம், வானத்தை ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. காற்றாடி போட்டால் துண்டு பறக்கும் என்று வியர்த்து வடிய இருப்போம். வாவியில் பட்ட வெயில் யன்னல் வழியாக வந்து முகட்டில் ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு நிறம் தெரியும், உங்களுக்கு வடிவம் தெரியும். துண்டு பொருந்தியதும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, நகத்தால் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். டக், டக். மணிக்கணக்கில் அந்த அறையில் வேறு சத்தம் இருக்காது. என் வாயை அடக்கிய ஒரே இடம் அதுதான்.

சண்டை வந்தது கடைசித் துண்டில். யார் வைப்பது? நீங்கள் ஒருதரம் ஒரு துண்டைச் சட்டைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நான் மேசைக்கு அடியில் தவண்டு தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் கோபித்துக்கொண்டு போய் ஒரு கிழமை வரவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. தொடங்கும்போதே ஆளுக்கொரு துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. பார்க்காமலே சரையில் மடித்து அவரவருக்கென்று ஒளித்துக்கொள்வது. மற்றதெல்லாம் முடிந்து இரண்டு ஓட்டை மட்டும் மிஞ்சும்போது, இரண்டு பேரும் ஒன்றாக வைப்பது.

"ஒராள் வெச்சா மத்தாள் உடன வெக்கணும், சுணங்கப்படா," என்றீர்கள். "வெச்சி முடிக்கிற மட்டும் ஆட்டம் முடியல்ல. ஆரும் எழும்பிப் போகேலா. முடிஞ்சித்தான் தேத்தண்ணி."

கந்தோரில் ஒரு சுற்றறிக்கையையும் மதிக்காதவர், இதை மட்டும் வேதம் போலக் காத்தீர்கள்.

அந்தக் கடைசிப் படத்தில் நிறையத் தண்ணீர் இருந்தது. எங்கள் வாவியைப் போல மண்ணிறம் இல்லை, கரு நீலம். கரையில் ஒரு மரவீடு, பின்னால் பனி மூடிய மரங்கள். பாதி முடிந்திருந்தது. அன்று நான் வழமையான நேரத்துக்கு வந்தேன். படலை திறந்து கிடந்தது. நீங்கள் கதிரையில், படம் பொருத்தும் பலகைக்கு முன்னால், தலையைக் குனிந்தபடி இருந்தீர்கள். துண்டு தேடுகிறீர்கள் என்று நினைத்தேன். குழப்பக்கூடாதே என்று சத்தமில்லாமல் எதிரே உட்கார்ந்து என் பக்கத்தைப் பொருத்தத் தொடங்கினேன். என் மருமகளைப் பற்றி ஏதோ குறை சொன்னேன். ஒரு நீலத் துண்டு கையில் வந்தது. "அக்கா, இது உங்கட பக்கத்துத் துண்டு," என்று நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. கை நோகும்வரை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

அவ்வளவு நேரமும் நான் யாரோடு விளையாடினேன் அக்கா? அறையில் ஆளில்லாத உணர்வு எனக்குக் கொஞ்சமும் வரவில்லை. என்னை இன்றைக்கும் உலுப்புவது அதுதான்.

மகள் வந்தாள், எல்லாம் நடந்தது. அவள் முப்பத்தோராம் நாள் சடங்கு வரை நின்று, பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பலகையைக் கண்டதும் அழுதாள். "அன்ரி, இத நீங்கதான் முடிச்சித் தரணும். பிரேம் போட்டுக் கொண்டுபோய் என்ட வீட்டில மாட்டப்போறன்," என்றாள். தினமும் போனேன். உங்கள் கதிரையை அவள் அகற்றப் போனபோது வேண்டாம் என்றேன். கடைசியில் இரண்டு ஓட்டைகள் மிஞ்சின. ஒன்று தண்ணீர் நடுவே நின்ற தோணியில். மற்றது மரவீட்டின் யன்னலில். ஒன்று என்னுடையது, ஒன்று உங்களுடையது.

உங்கள் சரையைத் தேடி வீட்டைப் புரட்டினோம். அலுமாரி, தலையணை உறை, சாமியறை, சீனிப் பேணி, மருந்துப் பெட்டி. மகள் உங்கள் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள். கிடைக்கவில்லை. அவளுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கு, உண்மையைச் சொன்னால், உள்ளூர ஒரு நிம்மதி. ஓட்டை இருக்கும் மட்டும் ஆட்டம் முடியவில்லை, ஆட்டம் முடியாமல் நீங்கள் எழும்பிப் போகவும் ஏலாது. சட்டம் உங்களுடையது, என்னுடையதல்ல.

முப்பத்தோராம் நாள் மத்தியானம் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார்கள். முருங்கைக்காய் போட்ட இறால் கறி, கணவாய்ப் பொரியல், இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. எல்லாவற்றையும் உங்கள் அறையில் படைத்துவிட்டு, கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே நிற்பது உங்கள் ஆட்களின் வழமை என்று மகள் சொன்னாள். போனவர் வந்து சாப்பிட வேண்டுமாம். "அம்மாக்குப் புடிச்சது எண்டா முதல்ல இதத்தான் வெக்கணும்," என்று பலகையை ஒரு பக்கம் அவள் பிடித்தாள். எங்களில் இந்த வழமை இல்லை. ஆனாலும் மறுபக்கத்தை நான் பிடித்தேன். மேசையில் வைத்து, யன்னலைக் கொண்டி போட்டு, கதவைச் சாத்தினோம். உறவுக்காரர் முற்றத்துப் பந்தலில் இருந்தார்கள். மகளும் நானும் கதவோரமாக நின்றோம்.

அப்போது கேட்டது. டக், டக்.

மகள் என்னைப் பார்த்தாள். "பல்லி," என்றாள். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

கதவைத் திறந்தபோது இறால் கறியில் ஆடை படிந்திருந்தது. தேத்தண்ணி வைத்த மட்டத்தில் அப்படியே இருந்தது, முடித்த பிறகுதானே குடிப்பீர்கள். மேசை ஓரத்தில் நாலு மடிப்புக் கலையாத ஒரு வெறும் பத்திரிகைத் தாள் கிடந்தது. தோணியில் ஓட்டை இல்லை. ஆளில்லாத தோணி என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அந்தத் துண்டு வந்து விழுந்ததும் அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது, கழுத்துக்கு மேல் ஒரு சின்னக் கொண்டை. முகம் வீட்டுப் பக்கம். இன்னும் ஓட்டையாக இருந்த அந்த யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் நான்தான் வைத்தேன் என்று நினைக்கிறாள். அவள்தான் வைத்திருப்பாள் என்று நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் கதவோரம் நின்ற நேரம் முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒராள் வைத்தால் மற்றவர் உடனே வைக்க வேண்டும். என் சரை அப்போதும் கைப்பைக்குள்தான் இருந்தது. "அன்ரி, உங்கட துண்டு?" என்று மகள் கேட்டாள். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் ஓட்டையோடேயே பசை பூசி, அட்டையில் ஒட்டி, கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போதும் போனில் கேட்பாள்.

"அது உங்களிட்டத்தான் இருக்கு, என்ன?"

"ஓம் மகள், என்னட்டத்தான் இரிக்கி."

"அனுப்பி விடுங்களன்."

"அது ஏலாது."

பிள்ளைக்கு எப்படிச் சொல்வது, அதை வைத்தால் உன் அம்மா எழும்பிப் போய்விடுவாள் என்று? அந்த யன்னலில் யார் நிற்கிறார்கள் என்று அறிய எனக்கும் ஆசைதான். சரையை ஒருதரமும் பிரித்ததில்லை. பயமும் இருக்கிறது, பொய் சொல்லி என்ன.

ஆனால் பயத்தைவிடப் பெரிய பாரம் ஒன்று இருக்கிறது, இன்று அந்த ஈரத்தைத் தொட்டதும் அது கனத்துவிட்டது. நீங்கள் உங்கள் துண்டை வைத்துவிட்டீர்கள். சட்டப்படி நான் சுணங்கியிருக்கக்கூடாது. தோணியில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஒருவரை நான் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேனா? இந்த ஈரம் நீங்கள் கேட்கிற கேள்வியா? உங்களிடம் கேட்க வேண்டும் என்றது இதைத்தான். சரையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். போக வேண்டுமென்றால் விட்டுவிடுவோம், மகளுக்கு நாளைக்கே தபாலில் போடுவோம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு, கடித உறை எடுக்கப் பின்னறைக்குப் போனேன்.

பின்னறையில் உங்கள் கதிரையும் சுளகும் பலகையும் இருக்கின்றன. மகள் போகும்போது, மிஞ்சிய பைகளோடு சேர்த்து எனக்கே தந்துவிட்டாள். போன மாதம் அவற்றில் ஒரு பையைப் பிரித்துத் தனியாகத் தொடங்கியிருந்தேன். பழக்க தோஷத்தில், கண்ணை மூடி ஒரு துண்டை எடுத்துச் சரையில் மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஒன்றுதான். உங்களுக்கென்று எடுக்க மனம் வரவில்லை. நேற்று மஃரிப் தொழுகைக்கு முன் எழும்பியபோது சுளகில் கையளவு துண்டுகள்தான் மிச்சம். இன்று உறையை மறந்துவிட்டு, அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, மிச்சத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். சுளகு வெறுமையானது.

பலகையில் இரண்டு ஓட்டைகள்.

லாச்சியைத் திறந்து பார்த்தேன். என் சரை ஒன்று இருந்தது. மேசைக்கு அடியில் தவண்டு பார்த்தேன், சுளகை உதறினேன், பையைப் புரட்டினேன். என் மகன் வந்து எட்டிப் பார்த்தான். "பழைய சாமான்தானே உம்மா, துண்டு குறையும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இருக்கலாம். பழைய சாமான் கடைப் பைகளில் துண்டு குறைவது வழமைதான்.

ஆனால் நான் தரையில் தவண்டபடியே நிமிர்ந்து உங்கள் கதிரையைப் பார்த்தேன். என்னைத் தேடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. போக மனமுள்ளவர் புதிதாக ஒரு துண்டை எடுத்து ஒளிப்பாரா?

தபாலில் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஈரச் சரையைத் திரும்பக் கைப்பையின் உள்ளறைக்குள் வைத்தேன். இனி எங்கே போனாலும் அது என்னோடுதான் வரும். பின்னறை யன்னலைக் கொண்டி போட்டேன், கதவைச் சாத்தினேன். இப்போது குசினியில், அடுப்பங்கரையோரமாக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் கொதித்துவிட்டது, இஞ்சியும் தட்டி வைத்திருக்கிறேன். தேத்தண்ணி இன்னும் ஊற்றவில்லை.