எனக்கு அடித்த மேளம்

அன்பு மகள் அன்பரசிக்கு மலையிலிருந்து அப்பா ரங்கசாமி சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம். எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்கு வருகிற நலம் இல்லை இது, உயிரோடு இருக்கிறேன், காலையில் சாமைக் கஞ்சி குடித்தேன், வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்த நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வெண்ணிலாவும் மஸ்கட்டில் எப்படி இருக்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டி ஓட்டி இடுப்புவலி என்றாயே, குறைந்ததா. நீ நர்சு, உனக்கு நான் வைத்தியம் சொன்னால் சிரிப்பாய், இருந்தாலும் நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடு என்று சொல்லத்தான் வாய் வருகிறது, அந்த ஊரில் நொச்சிக்கு எங்கே போவாய். குழந்தையை ரொட்டியிலேயே வளர்க்காதே, ஒரு வேளையாவது சோறு பிசைந்து உன் கையால் ஊட்டு.

இதை எழுதிக் கொடுப்பது கோகிலவாணி. நம்ம ஊர் பழைய மாதாகோயிலில் கலைக்கூடம் நடத்துகிறாளே, நீ போனில் சத்தம் போட்டாயே, அதே கோகிலவாணிதான். எனக்கு எழுத்து தெரியாது, அவளை விட்டால் பொறுமையாக எழுத இங்கே ஆள் இல்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, உன்னைப் பற்றிச் சொன்னாலும் அப்படியே எழுதணும் என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாளாம். காகிதமும் தபாலில் வரும், அதைப் பத்திரமாக வை.

போனிலேயே சொல்லலாமே என்பாய். பேசும்போதெல்லாம் நீ அழுகிறாய், அழுது முடித்தால் கோபப்படுகிறாய், அதற்குள் ரோட்டு வளைவில் மட்டும் கிடைக்கிற சிக்னலும் போய்விடுகிறது. மாசக் கடைசியில் வருகிறேன், உன்னை ஆலங்காயத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் திரும்புவேன், இனிமேல் அந்தக் கோயில் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டாய். அதைக் கேட்டுப் பயந்துபோய் கோகிலவாணி கோயில் சாவியை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். அன்பரசி அக்கா சரி என்று சொன்னால்தான் திருப்பித் தருவேன் என்கிறாள். நல்ல கனமான இரும்புச் சாவி, இத்தனை நாள் இடுப்பில் தொங்கிய இடம் வெறிச்சென்று இருக்கிறது, நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறேன். நீ சொல்கிற முடிவைச் சொல், ஆனால் அன்றைக்கு நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல். நீ போனை வைத்துவிட்டதால் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியில்தான் உன் அம்மா இருக்கிறாள்.

முதலில் இந்த இடத்தைச் சொல்கிறேன், நீ கடைசியாக வந்தபோது இது வவ்வால் கோயிலாக இருந்தது. பூசையெல்லாம் ரோட்டோரத்துப் புதுக்கோயிலுக்குப் போனபிறகு கிறிஸ்துமசுக்கு மட்டும் இங்கே வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள், இப்போதும் ஏற்றுகிறார்கள், மற்ற நாளெல்லாம் கலைக்கூடம். என் தாத்தா கலசப்பாக்கத்திலிருந்து சுண்ணாம்பு மூட்டையைத் தலையில் சுமந்து மலையேறிக் கட்டிய சுவர், ஒரு கல் அசையவில்லை. நீ சின்னப் பிள்ளையில் மாம்பழப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு வந்து நாய் கடித்தது என்று பொய் சொன்னாயே, அந்த வேலிக் கம்பி மட்டும்தான் இல்லை. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி நடுவில் பாய் விரித்திருக்கிறோம். பாவத்தைச் சொல்கிற மரக்கூண்டுக்குள் இப்போது கூத்துக் கிரீடமும் முகமூடியும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்து துணியில் வர்ணம் போடுகிறார்கள். மேல்வீட்டு மங்கம்மாள் ஒரு கரடி வரைந்தாள், பன்றி நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாலும் சொம்பை டக்கென்று வைக்கிறாள். சனிக்கிழமை மேளம். சொல்லிக் கொடுப்பவன் அசோக்குமார், ஒடுகத்தூர்க்காரன், நல்ல பையன், கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையிலேயே இருப்பான். நான் கதவைத் திறப்பேன், பெருக்குவேன், சாயங்காலம் பின்னாலிருக்கும், இந்தக் கோயிலைக் கட்டவைத்த பாதிரியார் கல்லறையில் ஒரு விளக்கு வைப்பேன். மேற்கு ஜன்னலின் பச்சைக் கண்ணாடியில் வெயில் விழுந்தால் உள்ளே இருக்கிற எல்லார் முகமும் பச்சையாகிவிடும், சின்னதுகள் பேய் வந்துவிட்டது என்று ஓடும். உன் அம்மா போனபிறகு வீட்டில் என் குரலை நானே கேட்காமல் கிடந்தேன். இங்கே வந்து யாரையாவது அதட்ட ஆரம்பித்தபிறகுதான் தொண்டை திரும்பி வந்தது.

இனி அந்தச் சனிக்கிழமை. திருவிழா அடியும் கல்யாண அடியும் கற்றாகிவிட்டது, மிச்சம் இருந்தது சாவு அடி. நம்ம ஊரில் அதை எந்த வீட்டிலும் எந்த வாசலிலும் பழகக் கூடாது, பழகின வீட்டில் ஆள் குறையும் என்பது உனக்குத் தெரியும். கோயில் யாருக்கும் வீடு இல்லையே, அங்கே பழகிக்கொள்ளட்டும் என்று ஊர்ப் பெரியவர்களே சம்மதித்தார்கள். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டோம். ஆனால் அந்த அடிக்கு ஒரு பேர் வேண்டும். அடிக்கிறவன் மேளத்தைத் தூக்கி யாருக்கு என்று கேட்கணும், ஒருத்தர் பேரைச் சொல்லணும், கூட இருப்பவர்கள் திருப்பிச் சொல்லணும், அப்புறம்தான் கோல் விழணும். அசோக்குமார் கீழ்நாட்டுப் பிள்ளை, மலைக் கட்டு தெரியாது, சும்மா பழகத்தானே, பேர் இல்லாமலே அடிப்போம் என்றான். பேர் இல்லாத அடி தானாக ஒரு பேரைத் தேடிக்கொண்டு போகும் என்று கற்க வந்தவர்கள் எல்லாரும் கோலைக் கீழே வைத்துவிட்டார்கள். நான்தான் சொன்னேன், ரங்கசாமிக்கு என்று. அசோக்குமார் மேல் கோபப்படாதே. கோகிலவாணி அன்றைக்கு ஜமுனாமரத்தூர் போயிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. பேரைக் கொடுத்தவன் நான், கேட்க ஆசைப்பட்டவனும் நான்.

ஏன் ஆசை என்று கேட்பாய். கொரோனாவில் உன் அம்மா எப்படிப் போனாள் என்று நீ போனில்தான் பார்த்தாய். முள் வெட்டிப் போட்டு ஊருக்கு ஊர் வழியை அடைத்திருந்தார்கள். நாலு பேர் தூக்கினோம். மேளம் இல்லை. சாவு வீட்டு அடுப்பு எரியக் கூடாது என்று ஊர் ஊராக ஆளுக்கொரு கட்டையும் படி சாமையும் கொண்டு வந்து வாசலில் பொங்கிப் போடுவார்களே, அதற்கு ஒருத்தரும் வர முடியவில்லை. அன்றைக்கு நம் வீட்டு அடுப்பை நானே பற்ற வைத்தேன், இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அவளுக்குக் கிடைக்காத அந்த அடி காதில் எப்படி விழும் என்று ஒரு தடவை கேட்கணும் போல இருந்தது. கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கதவைச் சாத்தின தைரியத்தில் இருந்தோம், சத்தம் மணிக்கூண்டு வழியாக வெளியே போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. மங்கம்மாள் அந்த நேரம் பார்த்துப் புளி மூட்டையோடு கோயிலுக்குப் பின்னால் போயிருக்கிறாள். என் பேரும் கேட்டிருக்கிறது, மேளமும் கேட்டிருக்கிறது. கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் சாவு மேளத்தை முதலில் கேட்டவர் பார்க்கப் போகக் கூடாது, அடுத்த ஊருக்குச் சொல்லத்தான் போகணும் என்பது நம்ம ஊர்க் கட்டு. மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து போயிருந்ததா, கேட்டவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வகுப்பு முடிந்து அசோக்குமார் பஸ்ஸுக்கு ஓடினான். நான் கோயில் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து வரிசையாக ஆட்கள் இறங்குகிறார்கள், ஆண்கள் தோளில் கட்டை, பெண்கள் இடுப்பில் சாமைக் கூடை. யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது, யாராக இருக்கும் என்று நானும் எழுந்து நின்று பார்த்தேன். முன்னால் வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் அழுகையைப் பாதியில் விழுங்கினார்கள். மங்கம்மாள் மட்டும் விழுங்கவில்லை. ஏன்யா, நாலு ஊரு ஓடி என் காலு வீங்கிப் போச்சு, நீ இன்னாடான்னா குந்திக்கினு டீ குடிக்கிற, வெக்கமா இல்ல உனக்கு என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

கூட்டத்தின் கடைசியில் உன் சித்தப்பன் தாண்டவராயன் வந்தான். பாகம் பிரித்தபோது ஓடையோரத்துப் பலாமரம் யாருக்கு என்று முறைத்துக்கொண்டு, நீ நர்சு படிக்கப் போன வருஷத்திலிருந்து என் முகத்தைப் பார்க்காதவன். அம்மா சாவுக்கும் வரவில்லை, வழி அடைத்திருந்தது என்று அவன் சொல்லிக்கொண்டான், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அவன் தோளில் ஒரு பச்சைக் கட்டை, வெட்டுவாயில் பால் இன்னும் வடிகிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது அந்தப் பலாமரத்துக் கிளை. சாவுக்குத் தூக்கின கட்டையைச் சாவு வாசலில் தவிர வேறெங்கும் இறக்கக் கூடாது, வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகவும் கூடாது. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கட்டையோடே நின்றான்.

"இன்னாண்ணா, உசுரோட கீறியா?" என்றான்.

"கீறேன்டா. எறக்கி வை, தோளு நோவும்" என்றேன்.

இறக்கி வைத்து அதன்மேலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அதற்குள் அவன் மகன் வெற்றிவேல் வாணியம்பாடியிலிருந்து உனக்குச் செய்தி சொல்லிவிட்டான். அப்போதுதான் பஸ் இறங்கி வந்த கோகிலவாணியின் போனில், வளைவுக்குப் போய் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஏர்போர்ட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தாய். அப்பா பேசறேன் கண்ணு என்றேன். உன் பக்கத்து வண்டிகளின் ஹாரன் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. அம்மாவுக்குத்தான் வர முடியவில்லை, அப்பாவுக்கும் இல்லாமல் போய்விட்டோமே என்று நினைத்துக்கொண்டு நீ அந்தக் காரில் இருந்திருக்கிறாய், அதற்கு நான் காரணமாகிவிட்டேன், அதற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். திட்டினாய், வைத்துவிட்டாய். இனிமேல் சொல்வதுதான் உனக்குத் தெரியாதது.

வாசலில் கட்டை குவிந்து கிடக்கிறது, சாமை கூடை கூடையாக இருக்கிறது, சாவு இல்லை. விழுந்த அடிக்கு ஒரு பேர் இருந்தே ஆகணும், என் பேரில் அது நிற்கக் கூடாது என்று பெண்கள் பிடிவாதமாக இருந்தார்கள். போன மாசம் செத்த கிழட்டு எருதின் பேரை வைக்கலாம் என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டோம். தாண்டவராயன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை முகத்திலிருந்து எடுத்து, "அண்ணிக்கு" என்றான். கட்டையைத் தடவிக்கொண்டே, "அண்ணிக்கு யாரும் அடிக்கவே இல்லியே. இது அண்ணிக்குத்தான் வந்துது" என்றான்.

அப்புறம் யாரும் வேறு பேர் சொல்லவில்லை அன்பரசி. மங்கம்மாள்தான் முதலில் உன் அம்மா பேரைச் சொல்லி, சுந்தரம்மாளுக்கு என்று எடுத்தாள், எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். அடிக்க அசோக்குமார் இல்லை, பஸ் போய்விட்டது. கற்றுக்கொண்டவர்களே கற்ற அளவுக்கு அடித்தார்கள், நடுவில் தவறினார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத் திரும்பப் பிடித்தார்கள். இந்தத் தடவை கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தார்கள். கோயில் வாசலில் கல் கூட்டி, ஊரார் கொண்டு வந்த கட்டையில் ஊரார் கொண்டு வந்த சாமையைப் பொங்கினார்கள். முதல் இலை அம்மாவுக்குப் போட்டோம், அவளுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பை மங்கம்மாள் மறக்காமல் வைத்தாள். பாதிரியார் கல்லறையிலும் ஒரு பிடி வைத்தேன், இடம் அவருடையதல்லவா. பழைய கிறிஸ்தவக் குடும்பத்து ரத்தினம்மாள் வந்து மணியை அடிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு அடித்தாள். அன்றைக்கு நம் வீட்டு அடுப்பு எரியவில்லை. உன் அம்மாவுக்காக ஒரு நாள் அது எரியாமல் இருந்தது.

பலாக்கட்டை பச்சை, அடுப்புக்கு ஆகாது. அசோக்குமார் அடுத்த வாரம் வந்து தட்டிப் பார்த்துவிட்டு இதில் ஒரு மேளம் குடையலாம் என்றான். தாண்டவராயன் தலையாட்டினான். மேற்கு ஜன்னலுக்குக் கீழே, வெளியே, ஓலை போட்ட நிழலில் காய்கிறது. உன் சித்தப்பன் அது காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் தினமும் வருகிறான், பச்சைக்கட்டை ஒரு வாரத்தில் காயாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சாவி இல்லாததால் இரண்டு பேரும் வெளிப்படியில் உட்கார்ந்திருக்கிறோம்.

கோகிலவாணி பேனாவை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள், எழுது எழுது என்கிறேன். அத்தை வீடு நல்ல வீடுதான், மாடி இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, அத்தையும் குறை வைக்க மாட்டாள். ஆனால் காலையில் எழுந்து நான் திறக்க அங்கே ஒரு கதவு இல்லை. நான் தனியாகப் போய்விடுவேனோ என்பதுதான் உன் பயம், எனக்குத் தெரியும். என் பேர் காதில் விழுந்தால் யார் யார் வருவார்கள் என்று நான் படியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிட்டேன், அதை நீயும் நம்பு. உனக்கு என் வாக்கு இது, இனிமேல் அந்த மேளத்துக்கு என் பேரை நானாகக் கொடுக்க மாட்டேன், காய்ச்சல் வந்தால் மறைக்க மாட்டேன், தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு யாரையாவது வளைவுக்குக் கூட்டிப்போய் உன்னோடு பேசுவேன். மாசக் கடைசியில் வா, கட்டாயம் வா, என் துணியை மூட்டை கட்ட மட்டும் வராதே. மங்கம்மாள் காலுக்கு ஒரு தைலம் வாங்கி வா, அவள் ஓடினது உன் அப்பனுக்காகத்தான். சித்தப்பனைப் பார்த்தால் பலாமரத்துப் பேச்சை எடுக்காதே, சித்தப்பா என்று கூப்பிட்டால் போதும்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கணும், மலைச்சாமியும் உன் அம்மாவும் கூட இருப்பார்கள். மறந்துவிடாதே, சாவியைக் கொடு என்று கோகிலவாணிக்கு ஒரு வார்த்தை. கீழே வைத்திருப்பது என் கட்டைவிரல்தான். மசி கிடைக்கவில்லை, துணிக்குப் போடுகிற நீல வர்ணத்தில் வைத்தேன். செத்தவன் கைநாட்டு வைக்க மாட்டான், தடவிப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
படியில் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா ரங்கசாமி