பந்தியில் ஓர் இலை

அக்டோபர் 8

காலையிலிருந்து மழை. மதியம் ஓட்டலில், திரை போட்ட மூன்றாவது தடுப்புக்குள் காசு கொடுத்த ஒருவன். உள்ளே போகுமுன் வழக்கம்போல் ஊசியில் பொடி ஏற்றிக்கொண்டேன். ஏற்றாமல் அந்தத் திரையை விலக்க முடியாது. விலக்காவிட்டால் பொடி வாங்க முடியாது. எது முந்தி வந்தது என்று ஐந்து வருடமாக யோசிக்கிறேன். யோசித்து என்ன கிழித்தேன்?

அக்டோபர் 10

பெண்கள் மட்டும் கடை போடும் இமா சந்தையில் என் அண்ணன் நீலமணியைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமென்று திரும்பினால் அவனே கூப்பிட்டுவிட்டான்.

"பிலா, எலும்பா நிக்கிறியேடி."

இருபத்தொன்பதாம் தேதி நிங்கோல் சாக்கோபா பண்டிகை. ஊரில் கல்யாணமான பெண்கள் அத்தனை பேரும் பிறந்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு ஆறு வருடமாக அழைப்பு வெற்றிலை பாக்கு வரவில்லை. அன்று மதியம் தாழ்ப்பாள் போட்டுப் படுத்துக்கொள்வேன்.

"பொடிய விட்டுட்டு, அதுக்குப் பதிலா குடுக்குற மாத்திரைல நில்லு. நின்னேன்னா வெத்தல பாக்கு தன்னால வரும்" என்றான்.

அவனுக்குப் பொடி மட்டும்தான் தெரியும். செத்துப்போன புருஷன் ஒட்டவைத்த நோய் என்று நினைக்கிறான். திரை தெரியாது.

அக்டோபர் 11

பெண்களுக்கு மாத்திரை கொடுப்பது நீலக் கதவு மையத்தில் மட்டும். அங்கே போகிறவளுக்கு என்ன தொழில் என்று தெருவில் வெற்றிலைக் கடைக்காரிக்குக்கூடத் தெரியும். அண்ணனிடம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். ஏன்டி பிலா, பொய் சொன்ன?

அக்டோபர் 12

சாவ்பிதான் கையைப் பிடித்து மையத்துக்கு இழுத்துப்போனாள். அவளும் என்னோடு ஓட்டலுக்கு வருகிறவள். நர்ஸ் ரொமோலா, "கடைசியா எப்போ ஏத்தின?" என்று கேட்டாள். "நேத்து ராத்திரி" என்றேன். உண்மையில் அந்தக் கதவைத் தாண்டும் தைரியத்துக்காகக் காலையில்தான் ஏற்றியிருந்தேன்.

மாத்திரை நாக்குக்கடியில் கரைந்து அரை மணி ஆகவில்லை. ஐயோ - குடலை யாரோ முறுக்குகிற மாதிரி. வாந்தி, வியர்வை, கால் தானாக உதைத்துக்கொண்டது.

"உள்ள பொடி இருக்கும்போது போட்டா ரெண்டும் சண்ட போடும். அதுக்குத்தானே கேட்டேன், பைத்தியமே" என்றாள் ரொமோலா. திட்டிக்கொண்டே என் வாயைத் துடைத்தாள்.

அக்டோபர் 14

பொடி உடம்பைவிட்டு இறங்கும்வரை ஒன்றரை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டு மறுபடி போனேன். இந்த முறை பொய் இல்லை. முதல் நாள்.

அக்டோபர் 18

ஐந்தாம் நாள். அரிசி இல்லை, ஓட்டலுக்குப் போனேன். பொடி இல்லாமல் முதல் தடவை. வந்தவன் கையின் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. வாய் நாற்றம் தெரிந்தது. பாதியில் எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

இத்தனை நாள் அங்கே இருந்தது நானேதானா?

அக்டோபர் 19

அவித்த கிழங்கு. உப்பு.

அக்டோபர் 24

மாத்திரை கரைகிற பத்து நிமிடம் பேசக்கூடாது; பேசினால் வீண். அப்படி உட்கார்ந்திருக்கும்போது நீலக் கதவில் அண்ணன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் என்னைத் தேடியிருக்கிறான்; அங்கேதான் இந்த இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த ஆணுறைப் படத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"இங்கதானா?"

தலையாட்டினேன்.

"அம்மா உன்னக் கூப்பிடச் சொன்னா. கூப்பிட்டாச்சு." வாழையிலையில் சுற்றிய வெற்றிலை பாக்கை என் மடியில் வைத்தான். "பந்தில வேணாம், பிலா. அத்தைங்க எல்லாம் வருவாங்க. எல்லாரும் போனப்புறம் வா. தனியா போட்டுத் தரேன்."

வாய் நிறைய எச்சில். துப்பினால் இன்றைய மாத்திரை போச்சு. ரொமோலா நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்து முடிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

அழுகை வந்தது. ஆத்திரமும்தான். தனியா போட்டுத் தர நான் என்ன நாயா?

அக்டோபர் 28

ரொமோலா மையத்துச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்கிறாள். நாளைப் பண்டிகை கழித்துச் சொல்கிறேன் என்றேன். சாவ்பி நேற்றிலிருந்து மாத்திரைக்கு வரவில்லை. ஓட்டலில்தான் இருக்கிறாளாம்.

அக்டோபர் 29

பதினாறாம் நாள். மாத்திரை போட்டுக்கொண்டு நேரே பிறந்த வீட்டுக்குப் போனேன். பந்தி உட்காருகிற நேரம். யாரையும் கேட்காமல் கடைசியில் காலியாக இருந்த இலை முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த சின்னத்தை தன் இலையை ஒரு சாண் நகர்த்திக்கொண்டாள். எதிர் வரிசை அத்தைகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் இவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

உடன்பிறந்தவன் கையால் பரிமாறவேண்டும், அதுதான் முறை. அண்ணன் சோற்றுப் பாத்திரத்தோடு ஒவ்வோர் இலையாக வந்தான். எனக்கு முன்னால் வந்து நின்றான். கரண்டி அந்தரத்தில். எழுந்துபோ என்று சொல்லப்போகிறான் என்றே நினைத்தேன்.

"சின்னத்தை," என்றான், என்னைப் பார்க்காமல். "இலைய இவ பக்கம் இழுத்துப் போட்டு உக்காருங்க. நடுவுல எடம் விட்டா எப்படிப் பரிமாறுறது?"

என் இலையில் சோறு வைத்தான்.