பச்சைப் பசை வைத்தது நான்தான்

ஸ்ப்ரூஸ் பெண்ட்
ஆகஸ்ட் 21, 1986, வியாழன்

அன்பு மகள் கோராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் உன்னோடு வேலை பார்க்கிற டெல்லும் அந்த மீன் எண்ணும் முகாமில் கைகால் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், வேறு மாதிரி நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய். ஜூலைக் கடைசியில் குறிபார்க்கிற ஸ்கோப் மாட்டி அனுப்பினேனே, அந்தத் துப்பாக்கியை எடு. அதன் வாயை ஆற்று மணல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போல்ட்டைத் தூக்கி இழுத்துப் பார். திறந்தால் தோட்டாக்களை எடுத்துவிட்டு போல்ட்டை உருவித் தனியாக வை, மறுபடி உள்ளே போடாதே. திறக்கவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாதே, மணலில் ஒரு குண்டைச் சுட்டுவிட்டு, உள்ளே சுட்ட தோட்டாவின் வெறும் கூடு மட்டும் இருக்கும்போது கைப்பிடியை மரக்கட்டையால் மெள்ளத் தட்டு. நெருப்பு காட்டாதே. அது சரியாகும்வரை முகாமின் பழைய ஷாட்கன் இல்லாமல் மீன் எண்ண ஆற்றில் இறங்காதே, டெல் சிரித்தால் சிரிக்கட்டும். செய்துவிட்டாயா. இனி உட்கார்ந்து படி. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, அதற்கும் காரணம் வரும்.

போன சனிக்கிழமை காலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஹாலிஸ் வந்தார். வந்தவர் உட்காரவில்லை, காபி வேண்டாம் என்றார், தன் துப்பாக்கியை என் பட்டறை மேஜைமேல் வைத்தார். வியாழக்கிழமை அவர் ஒரு கரிபூ மானைச் சுட்டிருக்கிறார், ஒரே குண்டு, விழுந்துவிட்டது. கத்தியை எடுத்துக்கொண்டு குனிகிற நேரத்தில் எதிர்ப் புதரிலிருந்து கரடி ஒன்று எழுந்து நின்றிருக்கிறது. அடுத்த தோட்டாவை ஏற்றலாம் என்று போல்ட்டைத் தூக்கினால் அது அசையவே இல்லையாம், இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டு நின்றதாம். கரடிக்கு மானின் மேல்தான் கண் என்பதால் மனிதர் பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்துப் படகுக்கு வந்து சேர்ந்தார், குளிர்காலத்துக்கான இறைச்சியை விட்டுவிட்டு. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு அறுபது வயசாகுது ஆர்டிஸ். துப்பாக்கியை விறகுக் கட்டையால அடிச்சுத் தொறந்தது இதான் மொத தடவ" என்றார். குரலை உயர்த்தவே இல்லை, உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். போல்ட்டின் முன்காதுகள் போய்ப் பூட்டுகிற பள்ளத்தில் பச்சையாக ஒரு பொருக்கு காய்ந்து கிடந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் அலமாரியில் இருக்கிற, திருகாணி கழலாமல் பிடிக்கிற மரைப்பசைகளை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான். ஊதா, பொடித் திருகாணிக்கு. நீலம், ஸ்கோப்பின் அடித்தகட்டைப் பிடிக்கிற இந்த நாலு திருகாணிக்கு, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு நுனியில் ஒரே ஒரு பொட்டு. சிவப்பு இந்தப் பக்கமே வரக்கூடாது, சூடுகாட்டாமல் கழலாது. பச்சை தண்ணீர் மாதிரி ஓடுவது, ஏற்கெனவே முறுக்கி முடித்த திருகாணியின் தலையில் வைத்தால் தானாக மரை வழியே கீழே இறங்கும், துப்பாக்கிக்கு அது ஆகவே ஆகாது என்று ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் பாடம் நடத்தியவள் நான். முன்திருகாணியின் துளை நேரே அந்தப் பள்ளத்தின் தலைக்கு மேல்தான் திறக்கிறது என்பதும் எனக்குத் தெரியாததில்லை.

தெரிந்தும் ஏன் செய்தாய் என்று கேட்பாய். மார்ச் மாதத்திலிருந்து என் வலது கை நடுங்குகிறது கோரா. உன்னிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை, உன் அப்பா மட்டும் காபி தளும்புவதைப் பார்த்துவிட்டு அரைக் கோப்பையாக ஊற்றிக்கொடுக்க ஆரம்பித்தார். உன் துப்பாக்கியைக் கையில் எடுத்த அன்றைக்கு விமானம் மூன்று மணிக்கு. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய திருகாணி, இரண்டு தடவை தரையில் விழுந்து, காந்தத்தை வைத்துக்கொண்டு முழங்காலில் தவழ்ந்து தேடி எடுத்தேன். ஒருவழியாக நாலையும் முறுக்கி நிமிர்ந்தால் நீலக் குப்பி மூடி திறக்காமல் அப்படியே நிற்கிறது, ஒன்றுக்குக்கூடப் பசை வைக்கவில்லை. நாலையும் கழற்றி முதலிலிருந்து மாட்ட வேண்டும். கையைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், பச்சையை எடுத்தேன். வழிந்ததை மேலே துடைத்தேன், உள்ளே பார்க்கவில்லை. ஹாலிஸுடையதும் அன்றைக்குத்தான், அதற்கும் அதே. இந்தப் பசை காற்றுப் பட்டுக்கொண்டிருந்தால் ஈரமாகவே இருக்கும், இரண்டு இரும்புக்கு நடுவே காற்றில்லாமல் மாட்டினால்தான் கல்லாகும். போல்ட்டைத் தனியே சுற்றி அனுப்பினேன், அதனால் உனக்கு வந்தபோது சுத்தமாகத் தெரிந்திருக்கும், குறிபார்த்துச் சுட்ட அன்று வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும். தோட்டாவைப் போட்டு மூடித் தொங்கவிட்டுத் தூங்கப் போயிருப்பாய். அங்கேதான் அது கல்லாக ஆரம்பித்திருக்கும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு அதிகம் வெட்கம். உங்கள் பேசும் ரேடியோ ஜூலையிலேயே செத்துவிட்டது, இனி உன்னை எட்ட மிச்சமிருப்பது ஆறு மணிக்கு ரேடியோவில் காட்டுப் பக்கத்தவர்களுக்குச் சேதி வாசிப்பார்களே அது ஒன்றுதான். அதை நீ கேட்பாய், ஆனால் நூற்றைம்பது மைலுக்கு ஆற்றோரத்தில் இருக்கிற ஒவ்வொரு குடிசையும் கேட்கும், அவர்களில் பாதிப் பேருக்குத் துப்பாக்கி பார்ப்பவள் நான்தான். சனிக்கிழமை மத்தியானம் நான் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: கோராவுக்கு, துப்பாக்கியை நன்றாகச் சுத்தம் செய்துகொள், இங்கே எல்லோரும் சுகம், அம்மா. உன் அப்பா அதை வாங்கிப் படித்தார். "இதென்ன ஆர்டிஸ், ஊறுகாய் ஜாடிய வெயில்ல வைன்னு சொல்றாப்ல இருக்கு" என்றார். நான் முறைத்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. "அவ கரடிங்க நடுவுல நிக்கிறா. நீ உன் பேரத் தொடச்சுப் பளபளன்னு வச்சுக்கிட்டிருக்க" என்றார். நான் கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்ட வேகத்தில் அது இரண்டாகப் போனது. உங்களுக்கென்ன, நீங்களா கடை நடத்துகிறீர்கள் என்றேன். சேதி அப்படியே போயிற்று. யாருக்கோ பேரன் பிறந்ததற்கும் யாருக்கோ ரம்பச் சங்கிலி வந்து சேர்ந்ததற்கும் நடுவில் என் சேதியை வாசித்தார்கள், கேட்டபோதே தெரிந்துவிட்டது, அம்மா எப்போதும் சொல்வதுதானே என்று நீ சிரித்துவிட்டு அந்தத் துப்பாக்கியையே தோளில் மாட்டிக்கொண்டு போயிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து வேறு ஒன்று எழுதினேன். கோரா, நான் அனுப்பிய துப்பாக்கியை நம்பாதே, முதல் குண்டுக்குப் பிறகு போல்ட் திறக்காமல் போகலாம், தவறான பசையை வைத்தது நான். மார்ச்சுக்குப் பிறகு என்னிடம் ஸ்கோப் மாட்டிய எல்லோரும் கொண்டுவந்து காட்டுங்கள். ஆர்டிஸ். ரேடியோ நிலையத்தில் வாசிக்கிற பெண் போனில் கூப்பிட்டு, "அம்மா, இத இப்படியேவா வாசிக்கணும்? எல்லாரும் கேப்பாங்களே" என்றாள். கேட்கத்தான் கொடுத்தேன், இரண்டு தடவை வாசி என்றேன். இரண்டு தடவை வாசித்தாள். நீ கேட்டாயா என்று மட்டும் எனக்குத் தெரிய வழியில்லை. நேற்றுவரை ஹாலிஸுடையது போகப் பதினொரு துப்பாக்கிகள் திரும்பி வந்திருக்கின்றன. வாசலில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனவர்களும் உண்டு, கோந்துக்காரி வீடு இதுதானா என்று கேட்டுக்கொண்டு வந்தவனும் உண்டு. ஹாலிஸ் மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, நீ சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன், இனி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றார், அந்தக் காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

பதினொன்றையும் பிரித்துப் பார்த்தேன், அதாவது நான் விளக்கைப் பிடிக்க உன் அப்பா பிரித்தார். ஒன்பதில் நீலம். இரண்டில் பச்சை. அந்த இரண்டிலும் பச்சை வைத்தது எனக்கு ஞாபகமே இல்லை கோரா, எத்தனை யோசித்தும் வரவில்லை. அதனால் உன்னுடையதைப் பற்றி நான் மேலே எழுதியிருப்பதையும் நம்பாதே, நாலு திருகாணியையும் நீயே கழற்று. இதோடு ஒரு டப்பா வருகிறது, அதில் புதுத் திருகாணி நாலு, திருப்புளி, சின்னக் குப்பியில் நீலம், பழைய பசையைக் கரைக்கிற அசிட்டோன், பஞ்சுக் குச்சிகள். அசிட்டோனை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே. பள்ளத்தைப் பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடை. முன்திருகாணிக்குப் பொட்டுகூட வேண்டாம், குச்சி நுனியால் தடவினால் போதும், பசை பட்ட திருகாணி வழுக்கிக்கொண்டு இறங்கும், எப்போதும்போல் முறுக்கினால் மரை போய்விடும், கையை முன்னாலேயே நிறுத்து. போல்ட்டைப் போடாமல் ஒரு நாள் முழுக்கக் கூடாரத்துக்குள் வை, குளிரில் சீக்கிரம் பிடிக்காது. பிறகு குறி பார்த்துச் சுடு. டெல்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய், நாலு கண் பார்க்கட்டும்.

இங்கே நாலு நாளாக மேகம் மலையை விட்டு இறங்கி ஓடுதளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, விமானம் நாளைக்குப் போகும் என்று தினமும் சொல்கிறார்கள். தினமும் காலையில் இந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பத் தூக்கிக்கொண்டு வருகிறேன். உன் அப்பாவின் முழங்கால் வீக்கம் பரவாயில்லை, மீன் புகை போட்டு முடித்துவிட்டோம், இருபத்தாறு ஜாடி. செப்டம்பரில் ஃபேர்பாங்க்ஸ் டாக்டரிடம் கையைக் காட்ட நாள் வாங்கியிருக்கிறேன், இதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காதே. அதுவரை திருகாணி வேலை உன் அப்பாவுடையது, பசையை எடுத்துக்கொடுப்பது நான், எது என்று சத்தமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஈரத்தோடு தூங்காதே. மீன் நாற்றமடிக்கிற சட்டையோடு கூடாரத்துக்குள் போகாதே. எந்தக் கெட்டதும் உன் பக்கம் வராமல் ஆண்டவன் உன்னோடு நிற்கட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. இதே விமானம் அரை மணி நேரம் அங்கே நிற்கும், அதற்குள் பதில் எழுதி பைலட் கையில் கொடு. என்னைத் திட்டி எழுது. பெரிய வேலைக்காரி என்று பீற்றிக்கொண்டாயே, ரேடியோவில்கூட முதல் நாள் உன் பேரைத்தானே காப்பாற்றினாய் என்று எழுது. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லமாட்டேன். எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் எழுது, உன் கையெழுத்தில் எழுது.

உன் அம்மா
ஆர்டிஸ்